ரவுட்டர் பழுது என்று சொல்லி 28,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள், கவனம்

இன்று காலைதான் உண்மை தெரிந்தது. கோபம் ஆறமுதல் எழுதிவிடுகிறேன். 28,500 ரூபாய்!

விசுவமடுவில் சின்னதாக ஒரு கொமினிகேசன் நடத்துகிறேன். சனம் கொண்டுவரும் காணி பெமிட், மரண அத்தாட்சிப் பத்திரம் எல்லாம் ஸ்கான் செய்து, உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்ட பழைய கணினியில் ஒரு போல்டரில் வைத்திருப்போம். முன்மேசைக் கணினியில் அதைத் திறந்து பிறின்ட் எடுப்போம். முன்மேசைக் கணினி பழுதாகி, போன மாதம் விண்டோஸ் 11 ப்ரோ மடிக்கணினி வாங்கினேன். அதில் போல்டர் திறக்கவில்லை, திரையில் ஏதோ ஆங்கிலச் செய்திப் பெட்டி வந்தது.

கிளிநொச்சியில் ஒரு கணினி திருத்தும் கடையில் சொல்லி ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். அந்தப் பெட்டியை நான் வாசிக்க முதலே மூடிவிட்டார். "ரவுட்டரும் நெட்வேர்க் கார்ட்டும் போயிட்டுது அக்கா. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நான் செய்து தாறன்." ரவுட்டர் 14,500, கார்ட் 4,000, கூலி 10,000. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வர, போல்டர் திறந்து கிடந்தது. நேற்றைய பெமிட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அதைக் கண்ட சந்தோசத்தில் 28,500 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் ஸ்கான் செய்த எதுவும் அதில் இல்லை. பென்டிரைவில் பிரதி எடுத்து மடிக்கணினியில் போட்டுத்தான் காட்டியிருக்கிறார்!

போன் எடுத்தால் "நாளைக்கு வாறன்". பிறகு "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்". பஸ் ஏறி இரண்டு தரம் நேரில் போனேன். "நீங்கள் ஏதும் அமத்தியிருப்பீங்கள்" என்றார்கள். அப்புறம் போனே எடுப்பதில்லை.

வவுனியாவில் படிக்கும் பெறாமகன் இன்று வந்து பழைய ரவுட்டரைத் திரும்பப் பூட்டிப் பார்த்தான். "பெரியம்மா, பிங் போகுது. இதில ஒரு பிழையும் இல்லை." ஒரு கணினி கூப்பிட மற்றது பதில் தருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். போல்டர் திறக்காத காரணம் அந்தச் செய்திப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. போல்டரை சம்பா (உபுண்டுவில் உள்ள போல்டரை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) வழியாக பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்துவந்தோம். பழைய விண்டோஸ் 10 விட்டது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ அப்படி விருந்தினராக நுழைவதைத் தடுக்கிறது. உபுண்டுவில் சம்பாவுக்கு ஒரு பயனரும் பாஸ்வேர்ட்டும் உருவாக்கி, அதையே மடிக்கணினியில் கொடுத்தான். இருபது நிமிடம், ஒரு சதம் செலவில்லை.

அதைவிட வயிறு எரிவது, அந்தத் தம்பி மடிக்கணினிக்குக் காவலான ஃபயர்வோலை நிறுத்தி, கோப்புப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1ஐயும் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்ட வன்னாக்ரை வைரஸ் பரவியது அந்த எஸ்எம்பி1இன் ஓட்டையால்தான். எங்கள் வைஃபை பாஸ்வேர்ட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கும் தெரியும். சனத்தின் பெமிட் பிரதிகள் அந்த மடிக்கணினியில்தான் கிடந்தன!

விளக்கமாக எழுத நினைத்தேன், கடையில் ஆள் நிற்கிறது. திரையில் வரும் செய்தியை மூட முதல் போனில் படம் எடுங்கள். ரவுட்டர் வாங்கச் சொன்னால், முதலில் உங்கள் முன்னால் பிங் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக ஒன்றை ஸ்கான் செய்து, அது மற்றக் கணினியில் வந்த பிறகே காசு கொடுங்கள். பில் கேளுங்கள். எனக்கு இருப்பது கையால் எழுதிய துண்டு மட்டும், அதில் கடையின் பெயர்கூட இல்லை.