வில்லோடு பூட்டும் அம்பறாத்தூணி: 14 வருடம், மூன்று குவிவர்

போன ஆடி மாதம் ஒரு பின்னேரம். கச்சான் காற்று வயல் பக்கமிருந்து சீறிக்கொண்டு வருகிறது. மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலையில் எங்கள் வளவுக்குப் பின்னால் வைக்கோல் அடைத்த உரப்பைகளை அடுக்கி வைத்து, 30 மீற்றரில் நின்று எய்துகொண்டிருந்தேன். ஐந்து அம்பும் ஓரிடத்தில்தான் விழுந்தன, ஆனால் புள்ளியிலிருந்து நாலு விரற்கடை வலப்பக்கம் தள்ளி. சைட்டில் (வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவியில்) கை வைக்கவில்லை. வில்லின் பக்கவாட்டில் பூட்டியிருந்த குவிவரை, அதாவது அம்பறாத்தூணியை, கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எய்தேன். இரண்டு விரற்கடைக்குக் குறைந்தது. மீதி அம்பைத் தள்ளிய காற்று. முதல் இரண்டு விரற்கடையும் வில்லையே தள்ளிய காற்று. பக்கத்தில் நின்ற மச்சான் கேட்டார்: "மறுகா என்னத்துக்கு அதப் பூட்டிக்கொண்டு நிக்கீங்க?" அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீளமான பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் வேட்டைக்குப் போவதில்லை. புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிற விலங்குகள். படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில்) வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்க எனக்கு எண்ணமும் இல்லை. வருடத்தில் எட்டு மாதம் இங்கே வைக்கோல் மூட்டைக்குப் பயிற்சி. புரட்டாசிக் கடைசியில் கனடாவின் ஒன்ராறியோ போய், அனுமதிப்பத்திரத்தோடு, பீற்றர்பரோ பக்கம் வெள்ளைவால் மானுக்குக் காத்திருப்பேன். அங்கே மானுக்கு எய்யும் வில்லின் இழுவை (நாணை இழுக்கத் தேவையான விசை) குறைந்தது 18 கிலோவாகவும், அம்பு முனையின் அகலம் குறைந்தது 22 மில்லிமீற்றராகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த அகலமான, சவர அலகு போன்ற முனைகளை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது என்பதிலிருந்துதான் குவிவர் பற்றிய யோசனையே தொடங்குகிறது.

அம்பறாத்தூணி என்றதும் எங்களுக்கு முதுகில் தொங்குவதுதான் நினைவுக்கு வரும். புதருக்குள் குனிந்து போகிறவனுக்கு அது சரிவராது. அம்பின் இறகு கொப்பில் சிக்கும், எடுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும், அந்த அசைவை மான் கண்டுவிடும். வில்லோடு பூட்டிய குவிவரில் அம்பு கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேலே முனைகளை மூடும் கூடு, கீழே தண்டுகளைக் கவ்வும் இறப்பர்ப் பிடி, இரண்டையும் இணைத்து வில்லின் நடுவுடலில் பூட்டும் சட்டம். இவ்வளவுதான் சாமான். கடையில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

என் முதல் குவிவர் அப்படிப் பார்த்து வாங்கியதுதான். ஆறு அம்பு பிடிக்கும், விலை குறைவு, வில்லின் நிறத்துக்குப் பொருந்தியது. கூட்டின் ஆழத்தை நான் பார்க்கவேயில்லை. முனை உள்ளே போனபின்பும் அலகின் அடிப்பகுதி ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. இரண்டாவது வருடம், வேட்டையால் வந்து வில்லைச் சுவரோடு சாத்திவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் மகன், ஒன்பது வயது, வில்லை நிமிர்த்திவைக்கலாம் என்று கூட்டுக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டான். மூன்று தையல். பிள்ளை அழவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குவிவரை அன்றைக்கே கழற்றி எறிந்தேன்.

அதனால், யார் கேட்டாலும் முதலில் கூட்டைப் பாருங்கள் என்பேன். உங்களுடைய முனையைப் பூட்டிய அம்பையே கடைக்குக் கொண்டுபோங்கள். முழுதாக உள்ளே இறக்கியபின், அலகின் எந்தப் பகுதியும் எந்தப் பக்கத்திலிருந்தும் கண்ணில் படக்கூடாது. கூட்டின் சுவர், விரலால் அழுத்தினால் வளையாத கெட்டியாக இருக்கவேண்டும். எய்தபின் விரியும் அலகுள்ள முனை பாவிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். கூட்டின் உள்ளே இருக்கும் போம் (மெத்தைப் பஞ்சு) அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அம்பை வெளியே இழுக்கும்போதே அலகு விரிந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. அதன்பிறகு நிலையான மூன்று அலகு முனைக்கு மாறிவிட்டேன். போமும் நாளடைவில் வெட்டுப்பட்டுத் துகளாகும். அந்தத் துகள் அலகில் ஒட்டிக்கொண்டு வரும். கழற்றி மாற்றக்கூடிய போம் உள்ள கூடுதான் நீண்ட காலத்துக்கு உதவும்.

அடுத்தது இறப்பர்ப் பிடி. குவிவரின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம், ஆனால் வாங்குகிறவர்கள் அநேகமாக இதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. நான் குளிரிலும் பாவித்தேன், எங்கள் வெயிலிலும் பாவித்தேன். இரண்டும் இறப்பரை இரண்டு விதமாகக் கெடுக்கின்றன. கார்த்திகையில் ஒன்ராறியோவில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை போகும் காலையில் பிடி கல்லாக இறுகிவிடும். அம்பை இழுத்தால் "கிறீச்" என்று ஒரு சத்தம். அந்த அமைதியில் அது ஊருக்கே கேட்கும். இங்கேயோ நேர்மாறு. இரண்டாவது குவிவரை ஒருமுறை தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறையில் வைத்துவிட்டுப் போய், ஏழு மாதம் கழித்து எடுத்தேன். பிடி பலாப்பால் போலப் பிசுபிசுத்தது. அம்பை இழுத்ததும் தண்டில் கறுப்பு வளையமாக இறப்பர் ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இளகிப்போன பிடி அம்பைக் கவ்வவில்லை. நாலு எட்டு நடந்ததும் பொத்தென்று ஒன்று புல்லில் விழுந்தது. பயிற்சி முனை என்றபடியால் தப்பினேன்.

பிடியின் அளவும் தண்டின் தடிப்பும் பொருந்தவேண்டும். இப்போது மெல்லிய கார்பன் தண்டுகள் நிறைய வருகின்றன. பழைய தடித்த தண்டுக்குச் செய்த பிடியில் அவை ஆடும். அம்பைப் பொருத்தி, வில்லைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கிப் பாருங்கள். ஒரு நூல் அளவு இறங்கினாலும் வேண்டாம். பிடி ஒன்றல்ல, இரண்டு இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தண்டின் வால்பக்கம் ஆடாது, இறகும் இறகும் உரசாது. உரசினால் இறகை ஒன்றுவிட்டொன்று திருப்பி வைக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

எத்தனை அம்பு? ஆறு பிடிக்கிறதை வாங்கினேன், பிறகு ஐந்து, இப்போது நாலு. மானுக்கு ஒரு நாளில் இரண்டாவது அம்பு எடுத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். என்னுடைய ஐந்து அம்புக் குவிவர் வெறுமையாக 300 கிராம், அம்பு ஒன்று 28 கிராம். ஐந்தும் சேர்த்தால் 440 கிராம் வில்லின் ஒரு பக்கத்தில் தொங்குகிறது. வலக்கைக்காரருக்கு அது வலப்பக்கம். கை சோர்ந்த நேரம் வில் தன்பாட்டில் வலப்பக்கம் சரியும், சைட்டில் இருக்கும் நீர்மட்டக் குமிழி இடப்பக்கம் ஓடும், அம்பு வலப்பக்கம் போகும். சட்டம் வில்லுக்கு எவ்வளவு கிட்டப் பூட்டப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்குச் சரிவு குறையும். வாங்கும்போது நான் இப்போது அளப்பது அந்த இடைவெளியைத்தான். என் மூன்றாவது குவிவர், வில்லிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. முதலாவது நாலு விரல் தள்ளி நின்றது.

கழற்றக்கூடியதா, நிரந்தரமாகப் பூட்டுவதா என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் கழற்றக்கூடியதன் பக்கம். ஒன்ராறியோவில் இரவு நேரத்தில் வில்லை உறைக்குள் போட்டே கொண்டுபோகவேண்டும். குவிவரோடு சேர்த்து அடைக்க என் உறையில் இடம் போதாது. பரணில் ஏறி இருந்தபின் கழற்றிக் கொப்பில் மாட்டிவிடலாம் (எங்கள் வயலில் யானைக் காவலுக்குக் கட்டுகிற பரண்தான், அங்கே அலுமினியத்தில் வருகிறது, அவ்வளவே). ஆனால் கழற்றி மாட்டும் நெம்பியில் ஒரு பலவீனம் உண்டு. நாளாக நாளாக இளகும். எய்தவுடன் "டிக்" என்று கேட்டால் அதுதான். வீட்டில் எல்லாரும் படுத்தபிறகு, அம்புகளை நிரப்பிவிட்டு, வில்லின் உடலை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பேன். எங்கே சத்தம் வருகிறதோ அங்கே பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் வைப்பேன். மூன்று வருடமாக அது கிழியவில்லை.

மச்சானின் கேள்விக்கு வருகிறேன். காட்டில் குவிவர் பூட்டியபடி எய்யப்போகிறேன் என்றால், வைக்கோல் மூட்டைக்கும் பூட்டியபடிதான் எய்யவேண்டும். கழற்றிவிட்டு எய்யப்போகிறவர் கழற்றிவிட்டே பழகவேண்டும். வீட்டில் ஒரு விதம், காட்டில் இன்னொரு விதம் என்றால், குறி தவறிய அம்பு மானைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும். அதை நான் ஒருமுறை கண்டேன். இரவு பதினொரு மணிவரை லைற் அடித்துத் தேடினோம், கிடைக்கவில்லை. அதன்பிறகுதான் கச்சான் காற்றிலும் குவிவரோடு நின்று எய்யத் தொடங்கினேன். காற்று கூடினால் எவ்வளவு தள்ளும் என்று கைக்குத் தெரியவேண்டும். தெரியாத அளவுக்குக் காற்று அடித்தால் அன்றைக்கு அம்பை விடுவதில்லை.

வாடைக் காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த மழையில் இரண்டு நாள் நனைந்த போம், வாவிக் காற்றில் கிழமைக் கணக்கில் காயாது. உள்ளே வைத்த முனை ஒரே இரவில் செம்மஞ்சளாகத் துருப்பிடிக்கும். இப்போது மழையில் நனைந்தால் போமைப் பிடுங்கி, பிழிந்து, நிழலில் கொடியில் போடுகிறேன். வெயிலில் போட்டால் நொறுங்கும். முனைகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. பிடிக்கு எண்ணெய் படவே கூடாது, இறப்பர் ஊதிவிடும். ஒன்ராறியோ போகாத மாதங்களில் அம்புகளைப் பிடியிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுவேன், இல்லையென்றால் கவ்விய இடம் விரிந்தபடியே நின்றுவிடும். குவிவர் அம்மாவின் பழைய மரப்பெட்டிக்குள், சேலைகளுக்கு மேலே இருக்கிறது. அந்த அறைக்கு ஓட்டுக் கூரை.