ஹல் நகரிலிருந்து ஒரு நாள்: பெம்ப்டன் பாறையா, ஸ்பர்ன் மணல்முனையா?

யார்க்ஷர் போகிறவர்களில் பெரும்பாலோர் யார்க் நகரோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால், ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தில் ஹல். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேரடி ரயில்களும் உண்டு; இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். 2017இல் பிரிட்டனின் கலாசார நகரமாக இருந்த ஊர் இது. ஆனாலும் பயணத் திட்டங்களில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

நகரத்துக்கு ஒரு நாள் போதும். அடிமை வணிக ஒழிப்புக்காகப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1759இல் பிறந்த வீடு, ஃபெரன்ஸ் ஓவியக்கூடம், பழைய டிராமும் ரயில் பெட்டியும் நிற்கும் ஸ்ட்ரீட்லைஃப் அருங்காட்சியகம் ஆகிய மூன்றுக்கும் கட்டணம் இல்லை, மூன்றுக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். சிக்கல் இரண்டாம் நாளில்தான். கடற்கரைக்குப் போவது என்று முடிவானால் வடக்கே பெம்ப்டன், தென்கிழக்கே ஸ்பர்ன் என இரண்டு திசைகள். இரண்டையும் ஒரே நாளில் அடக்க முயன்றால் இரண்டுமே அரைகுறையாகப் போகும்.

எது அழகு என்று கேட்டு இதைத் தீர்க்க முடியாது. எந்த மாதம், கையில் கார் உண்டா, அன்று கடல் எப்போது ஏறுகிறது என்று கேட்டால் விடை தானாகக் கிடைத்துவிடும்.

முதலில் பெம்ப்டன். கார் தேவையில்லை என்பதே இதன் பெரிய பலம். ஹல் பாரகன் நிலையத்தில் ஸ்கார்பரோ ரயிலில் ஏறினால், பிரிட்லிங்டனுக்கு அடுத்த நிறுத்தம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கி, ஊருக்குள் புகுந்து வடக்கே கிளிஃப் லேனில் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் பறவைக் காப்பகத்தின் வாசல். காப்பகத்தை நடத்தும் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினர் அல்லாதவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நிறுத்தம் சிறியது, ரயில்கள் நெருக்கமாக வருவதில்லை. திரும்பும் ரயிலின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயர வெள்ளைச் சுண்ணப்பாறைச் சுவரில், இனப்பெருக்கக் காலத்தில் ஏறக்குறைய 5 லட்சம் கடற்பறவைகள். பறவைகள் கண்ணில் படும் முன்பே எச்சத்தின் நெடி மூக்கைத் தாக்கும். அடுத்து, தன் பெயரைத் தானே கூவும் கிட்டிவேக் என்ற சிறு கடற்காக்கையின் இரைச்சல். விளிம்பில் நின்றால் கேனட் பறவைகள் கண்மட்டத்தில் மிதந்து போகும்: ஏறத்தாழ இரண்டு மீட்டர் சிறகு விரிப்பு, சிறகு நுனியில் மை தோய்த்தது போன்ற கறுப்பு, தலையில் மஞ்சள் பூச்சு.

பெரும்பாலோர் ஏமாறுவது வண்ண அலகு கொண்ட பஃபினைத் தேடும்போதுதான். பல தீவுகளில் புல்தரையில் வளை தோண்டி வாழும் பறவை, இங்கே பாறை இடுக்குகளுக்குள் கூடு வைக்கிறது. எண்ணிக்கையும் மற்றவற்றை நோக்கக் குறைவு. முப்பது சென்டிமீட்டர்கூட இல்லாத உடல், ஆயிரக்கணக்கான கில்லிமாட் கடற்பறவைகளின் நடுவே எளிதில் மறைந்துவிடும். பாறையின் மேற்பகுதி இடுக்குகளில் ஆரஞ்சு நிறக் கால்களைத் தேடுங்கள். தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். ஏப்ரல் முதல் ஜூலை நடுப்பகுதி வரைதான் பஃபின் நிற்கும். ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வருகிறவர்கள் வெறும் இடுக்கைத்தான் பார்ப்பார்கள். கேனட் மட்டும் செப்டம்பர் தாண்டியும் இருக்கும். பாறைச் சுவர் வடகிழக்கு நோக்கியிருப்பதால் காலையில்தான் வெயில் விழும். படம் எடுக்க நினைப்பவர்கள் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பறவைகளைப் படகில் வந்து பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்புதான் 1869இன் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டமாக ஆனது. இன்று நாம் காணும் கூட்டம் அதன் பலன்.

ஸ்பர்ன் முற்றிலும் வேறு. ஹம்பர் முகத்துவாரத்துக்குக் குறுக்கே வளைந்து நீளும் ஐந்து கிலோமீட்டர் மணல் நாக்கு. ஒரு பக்கம் வடகடலின் அலை, மறுபக்கம் சேற்றுப்படுகை. ஹல்லிலிருந்து, மணல்முனை தொடங்கும் இடத்திலுள்ள கில்ன்ஸி கிராமம் வரை காரில் ஒரு மணி நேரம். பேருந்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். காரும் கில்ன்ஸியிலுள்ள பார்வையாளர் மையத்தோடு சரி. 2013 டிசம்பரில் எழுந்த கடல் பெருக்கு முனைக்குப் போன சாலையை அறுத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு வெறும் மணல்.

கடல் ஏற்றம் உச்சத்தைத் தொடும் நாட்களில் அந்தப் பகுதி தண்ணீருக்குள் போய்விடும், முனை தீவாகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். புறப்படும் முன் அன்றைய ஏற்ற நேரத்தைப் பாருங்கள், மையத்து அறிவிப்புப் பலகையில் மறுபடி சரிபாருங்கள். அந்த நேரத்துக்கு முன்பும் பின்பும் கடக்கக் கூடாத இடைவெளி எவ்வளவு என்பதைக் கேட்டுக்கொண்டு நடையைத் தொடங்குங்கள். போக வர 11, 12 கிலோமீட்டர். பொலபொலத்த மணல் காலை இழுப்பதால் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். முனையில் கடை கிடையாது, தண்ணீரைச் சுமந்துதான் போக வேண்டும். நாய்க்கு அனுமதி இல்லை. கோடையின் தொடக்கத்தில் புதர்களில் காணும் மயிர்ப்புழுக்களைத் தொட வேண்டாம், தோல் தடித்து அரிக்கும்.

வழியில் பழைய சாலையின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகள் கிடக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் பீரங்கித் தளத்துக்காகப் போட்ட ரயில் பாதையின் மிச்சம் அது. 1895இல் எழுந்த கறுப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1985இல் அணைந்தது. உள்ளே ஏற சில நாட்களில் மட்டுமே அனுமதி. செப்டம்பர், அக்டோபரில் கிழக்குக் காற்றோடு லேசான மழையும் வந்தால், வலசை போகும் சிறு பறவைகள் களைத்துப்போய் இந்தப் புதர்களில் இறங்கும். பறவை நோக்குபவர்கள் காத்திருக்கும் நாள் அதுதான்.

ஆக, ஏப்ரல் முதல் ஜூலை வரை, குழந்தைகளோ பெரியவர்களோ உடன் வந்தால், கார் இல்லாவிட்டால், பெம்ப்டன்தான். பார்வையாளர் மையத்துக்கு அருகிலுள்ள தளங்களுக்குப் பாதை எளிது. இலையுதிர் காலத்தில், காரும் நடக்கும் தெம்பும் இருந்தால் ஸ்பர்ன். ஆகஸ்டில் இரண்டில் ஒன்று என்றாலும் ஸ்பர்னையே சொல்வோம். கொட்டும் மழை நாளில் இரண்டையும் விட்டுவிட்டு, கால் மணி நேர ரயிலில் பெவர்லிக்குப் போய் மின்ஸ்டர் பேராலயத்துக்குள் நுழைந்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு. ஹல்லின் பேட்டி, மசித்த உருளைக்கிழங்கில் சேஜ் இலை கலந்து மாவில் தோய்த்துப் பொரிப்பது, பார்த்தால் சைவம். ஆனால் யார்க்ஷரில் பல கடைகள் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காரும் இரண்டு நாட்களும் இருப்பவர்கள் முதல் நாள் பெம்ப்டன், மறுநாள் ஸ்பர்ன் என்று வடக்கிலிருந்து தெற்காக வாருங்கள். பிரிட்லிங்டனோடு சுண்ணப்பாறை முடிந்து, பனியுகம் விட்டுப்போன களிமண் கரை தொடங்குகிறது. கடல் அதை ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை தின்கிறது. கரைந்த மணலும் கூழாங்கல்லும் தெற்கே நகர்ந்து ஸ்பர்னாகச் சேர்கின்றன. இதை நேரில் பார்க்க, வழியில் மேப்பிள்டனில் இறங்குங்கள். ஊரைக் காக்க 1991இல் போட்ட பாறைத் தடுப்புகளுக்கு வடக்கே மணல் தங்கியிருக்கும். தெற்கே கரை உள்வாங்கியிருக்கும், அலை தேநீர் நிறத்தில் புரளும். மழைக்குப் பிறகு களிமண் சரிவின் அடியில் நிற்காதீர்கள். தெற்கே கௌடன் பக்கம் பழைய விமானப்படைக் குண்டுவீச்சுப் பயிற்சித் தளம் இருந்தது. அங்கே மணலில் உலோகம் தெரிந்தால் தொடாமல் விலகி வந்துவிடுங்கள்.