பாஸ்பேட் ஏறினால்: உணவா, பைண்டரா, டயாலிசிஸ் நேரமா?

சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் 6.8 என்று வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மாத்திரை நல்லது?" என்பதுதான். சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும் 'பைண்டர்' மாத்திரைகளைத்தான் கேட்கிறார்கள். (இயல்பு நிலை சுமார் 2.5 முதல் 4.5 வரை.) மாத்திரைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒருவர் தினமும் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் குடலில் ஏறினால் வாரத்துக்கு 4200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 எடுத்தால் மொத்தம் 2400. மிச்சம் 1800, அதாவது நாளுக்கு 250 சொச்சம். 667 மில்லிகிராம் கால்சியம் அசிடேட் மாத்திரை ஒன்று பிடிப்பதோ 30 மில்லிகிராம் அளவுதான். அப்படியானால் நாளுக்கு எட்டு, ஒன்பது மாத்திரை! அதோடு ஒவ்வொன்றிலும் 169 மில்லிகிராம் கால்சியம் வேறு உள்ளே போகிறது. மாத்திரையை மட்டும் நம்பி இதைச் சமாளிப்பது கஷ்டம்.

சரி, மெஷினே கூடுதலாக எடுத்துவிடாதா? உடம்பின் பாஸ்பேட்டில் பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும் இருக்கிறது; ரத்தத்தில் ஓடுவது சிறு துளி. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்தத் துளி மளமளவென்று இறங்கும். அப்புறம் செல்லிலிருந்து கசிந்து வரும் வேகத்துக்குத்தான் எடுக்க முடியும். மெஷினை நிறுத்தியதும் அளவு மீண்டும் ஏறும். அதனால் இங்கே வேகத்தை விட நேரம்தான் முக்கியம். வாரத்தில் பல இரவுகள் நீண்ட நேரம் டயாலிசிஸ் செய்பவர்களில் சிலருக்கு மாத்திரையே வேண்டாமல் போவதும் உண்டு. அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இருக்கிற நான்கு மணி நேரத்தில் "இன்னைக்கு அரை மணி முன்னாடியே எடுத்துடுங்க" என்று கேட்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது உணவு. என் பார்வையில் அதிகப் பலன் இங்கேதான், அதிகத் தவறும் இங்கேதான். பாஸ்பரஸ் எவ்வளவு என்பதை விட எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பருப்பு, தானியம், கொட்டைகளில் இருப்பதில் பெரும்பகுதி, நம் குடலால் எளிதில் உடைக்க முடியாத பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடப்பதால் பாதிக்கும் குறைவாகவே உடம்பில் ஏறும். இறைச்சி, பால், முட்டையில் ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம். பதப்படுத்திய உணவில் கலக்கும் பாஸ்பேட் உப்புகளோ கிட்டத்தட்ட முழுவதும் ஏறிவிடும். ஊசி போட்டுப் பதப்படுத்திய இறைச்சி, தடவும் சீஸ், கருப்பு கோலா எல்லாம் இந்த வகை. லேபிளில் பாஸ்பரஸ் அளவு பெரும்பாலும் இருக்காது. சேர்மானப் பட்டியலில் "பாஸ்" என்று தொடங்கும் பெயரோ, "பாஸ்பேட்" என்று முடியும் பெயரோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இதைச் செய்யாமல் பயத்தில் புரதத்தையே வெட்டுகிறவர்கள் உண்டு. டயாலிசிஸில் இருப்பவருக்கு அது ஆபத்து. தசை கரையும், உடம்பு இளைக்கும். பாஸ்பேட் குறைந்த புரதத்துக்கு முட்டையின் வெள்ளைக்கருவை விட எளிய வழி இல்லை. ஒரு முட்டையின் வெள்ளையில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் வெறும் 5 மில்லிகிராம் அளவு. மஞ்சள் கருவில் புரதம் அதைவிடக் குறைவு, பாஸ்பரஸ் 60-க்கு மேல்.

இனி பைண்டர்கள். கால்சியம் வகை மலிவு, பழகியது. கால்சியம் குறைவாக இருப்பவருக்குப் பொருந்தும். இயல்பாகவோ கூடவோ இருந்தால் ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும் கவலை உண்டு. கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2017 வழிகாட்டியும் கால்சியம் பைண்டரின் அளவைக் கட்டுப்படுத்தவே சொல்கிறது. கால்சியம் வகையில் கார்பனேட், அசிடேட் என்று இரண்டு உண்டு; கார்பனேட்டை விட அசிடேட் மேல். கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அசிடிட்டி மாத்திரை சாப்பிடுபவருக்கு அது சரியாக வேலை செய்யாது.

செவலமரில் கால்சியமும் இல்லை, உலோகமும் இல்லை. கெட்ட கொழுப்பையும் குறைக்கும். ஆனால் மாத்திரை பெரியது, எண்ணிக்கையும் அதிகம், மலச்சிக்கல் வேறு. ஹைட்ரோகுளோரைடு வகை ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும் என்பதால் கார்பனேட் வகையே நல்லது. லாந்தனம் வலுவானது, எண்ணிக்கை குறைவு. மென்றுதான் தின்ன வேண்டும், அப்படியே விழுங்கினால் வீண். சிலருக்குக் குமட்டும். பல் இல்லாதவருக்கு இதை எழுதிக் கொடுத்துவிட்டு "ஏன் குறையலை?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. இரும்பு வகைகளில் ஃபெரிக் சிட்ரேட் ரத்தத்தில் இரும்பையும் ஏற்றும், சோகை உள்ளவருக்கு அது லாபம். சுக்ரோஃபெரிக் ஆக்ஸிஹைட்ராக்சைடு பெரிதாக ஏற்றாது, நாளுக்குச் சில மாத்திரைகளே போதும். மலம் கறுப்பாகப் போனால் பதறத் தேவையில்லை, பேதியும் வரலாம். அலுமினியம் எல்லாவற்றையும் விட வலு, ஆனால் மூளையையும் எலும்பையும் கெடுக்கும். நாள்பட எடுக்கக் கூடாது.

டெனபனார் என்ற மருந்து பைண்டரே அல்ல. குடல் சுவரில் செல்களுக்கு இடையே பாஸ்பேட் நுழையும் வழியை இறுக்குகிறது. 2023-ல் அமெரிக்காவில், பைண்டர் போதாத அல்லது ஒத்துக்கொள்ளாத டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கூடுதல் மருந்தாக அனுமதி கிடைத்தது. நாளுக்கு இரண்டே மாத்திரை. பேதிதான் பெரிய தொந்தரவு.

என் தேர்வு: கால்சியம் குறைவானால் அசிடேட், இல்லாவிட்டால் செவலமர் கார்பனேட், மாத்திரை எண்ணிக்கையே சுமையானால் இரும்பு வகை அல்லது லாந்தனம். இவற்றில் எதுவும் ஆயுளைக் கூட்டும் என்று பெரிய ஆய்வில் நிரூபணமாகவில்லை. அதனால் டயாலிசிஸுக்கு வராத, பாஸ்பேட் இயல்பாக இருப்பவருக்கு முன்னெச்சரிக்கையாக பைண்டர் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

எந்த பைண்டராக இருந்தாலும் சோற்றோடு சோறாக உள்ளே போக வேண்டும். இரவு படுக்கும் முன் மற்ற மாத்திரைகளோடு மொத்தமாக விழுங்கினால் பிடிக்க அங்கே பாஸ்பேட் இல்லை. பதிலாகத் தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் போன்றவற்றைப் பிடித்துக்கொள்ளும். சீட்டில் 2-2-2 என்று இருந்து, காலையில் நீங்கள் கஞ்சி மட்டும் குடித்து மதியம்தான் வயிறாரச் சாப்பிடுபவரானால், 1-3-2 ஆக மாற்றலாமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.