காலி வரிசையை அழிக்காத கடை: தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் டிடிபி, பைண்டிங் வேலை

கல்லூரி புராஜெக்ட் பைண்டிங்குக்கு தர்மபுரியில் கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பக்கம் பக்கமாக எண்களும் கட்டங்களுமாக இருக்கும் ஒரு முழுப் புத்தகத்தை, ஒரு எண்கூடப் பிசகாமல் அடித்து, அச்செடுத்து, தைத்து, கெட்டி அட்டை போட்டுத் தரும் ஆளைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அப்படித் தேடி ஒரு தடவை நன்றாக அடிபட்டு, அப்புறம்தான் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். நான்கு ரோட்டிலிருந்து பென்னாகரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், குறுகலான மாடிப்படி ஏறிப் போகும் சின்னக் கடை. அடிப்பது ஒரு அக்கா, பைண்டிங் அவருடைய அப்பா. இரண்டே பேர்தான்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் கடையின் அருமை புரியும். என் தம்பி பாலக்கோட்டில் தக்காளிக் காட்டில் வளர்ந்தவன், விவசாயம் படித்துவிட்டு மேற்படிப்புக்கு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனான். இத்தாக்கா என்ற ஊர். அங்கே ஆறு மாதம் குளிர், குளிர் வந்தால் ஊரே ஐஸ் ஹாக்கி பார்க்கப் போய்விடும். நான் பள்ளியில் மண் தரையில் ஹாக்கி ஆடியவன் என்பதால் அவன் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எனக்கு ஸ்கோர் அனுப்புவான். அதிலிருந்து பழக்கம் பிடித்து, கார்னெல் ஆண்கள் அணியின் பழைய சீசன்களை எல்லாம் தேடி, ஒரு நீளக் கணக்கு நோட்டில் சீசன் வாரியாக எழுத ஆரம்பித்தேன். வெற்றி, தோல்வி, சமன் என்று மூன்று கட்டம், பக்கத்தில் பயிற்சியாளர் பெயர், கீழே அந்த சீசனைப் பற்றி ஏழெட்டு வரி. சில வருடங்களில் மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. அவன் தை மாதம் ஊருக்கு வரும்போது அதைப் புத்தகமாக்கிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் கொடுத்த கடை இது இல்லை, வேறு ஊரில். பெயர் வேண்டாம். எக்செல்லில் அடித்துத் தருகிறோம் என்றார்கள். பத்து நாள் கழித்து அச்செடுத்த தாளை வாங்கிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. ஹாக்கி கணக்கை 12-10-1 என்று எழுதுவார்கள், அதாவது 12 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். கம்ப்யூட்டர் அதைத் தேதி என்று நினைத்துக்கொண்டு 12-10-2001 என்று மாற்றி வைத்திருந்தது. 27-1-1 என்பது 27-01-2001 ஆகிவிட்டது. 22-5-0 மே மாதம் ஆகிவிட்டது. மொத்த அட்டவணையும் யாரோ சிலருடைய பிறந்த தேதிப் பட்டியல் மாதிரி இருந்தது. சில வரிசைகள் மட்டும் நான் எழுதியபடியே நின்றன, அதில் ஒன்று 1969-70 சீசனின் 29-0-0. பூஜ்யம் என்று ஒரு மாதம் கிடையாதே, அதனால் அதைத் தேதியாக்க முடியவில்லை.

இதைக்கூடத் திருத்தியிருக்கலாம். என்னால் தாங்க முடியாதது வேறு. காலியாக விட்டிருந்த வரிசைகளை எல்லாம் "சும்மா இடம் அடைக்குது சார்" என்று அழித்துவிட்டார்கள். அந்தக் காலி வரிசைகள் சும்மா இல்லை. கார்னெல் அணி ஆரம்ப காலத்தில் பீபி ஏரி என்ற ஏரி உறைந்தால் அதன் மேல்தான் ஆடும். 1910-11இல் பத்து ஆட்டம் ஆடி பத்திலும் ஜெயித்தார்கள், அப்படிப்பட்ட அணி. நம் பக்கம் ஏரி நிரம்பாத வருடம் மாதிரி அங்கே ஏரி உறையாத வருடம். நல்ல ஐஸ் கிடைக்காமல் போய், 1948க்கு அப்புறம் அணியையே நிறுத்திவிட்டார்கள். லைனா ரிங்க் என்ற உள்ளரங்கம் 1957இல் திறந்த பிறகுதான் மறுபடியும் ஆட்டம். நடுவில் ஒன்பது சீசன் கிடையாது. ஒன்பது வரிசையைக் காலியாக விட்டால்தான் படிக்கிறவன் அந்த ஒன்பது வருடத்தைக் கண்ணால் பார்ப்பான். அழித்துவிட்டால் 1947-48க்கு அடுத்த நாளே 1957-58 வந்த மாதிரி ஆகிவிடும்.

சரி, கொடுத்த முன்பணம் போனது போகட்டும் என்று நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கல்லூரியில் வேலை பார்க்கும் சினேகிதர் ஒருவர்தான் இந்தக் கடையைச் சொன்னார்.

இங்கே முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, "வருசத்தை ஏன் ரெண்டு ரெண்டா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். சீசன் அக்டோபர் வாக்கில் ஆரம்பித்து மார்ச், ஏப்ரலில் முடியும், இரண்டு வருடத்தில் பாதிப் பாதி விழும், அதனால்தான் 1966-67 என்று எழுதுகிறோம் என்றேன். அப்படியானால் 1999-2000 மட்டும் முழுசாகப் போடலாமா, 1999-00 என்று போட்டால் அசிங்கமாக இருக்கும் என்றார். நான் அதை யோசித்ததே இல்லை. ஆட்டம் எப்படி ஆடுவார்கள், எத்தனை பேர் என்றும் கேட்டுக்கொண்டார். கோல்கீப்பரோடு ஆறு பேர், இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி, பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு என்று சொன்னேன். அடிப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எதற்கு என்று நான்கு நாள் கழித்துத் தெரிந்தது.

போன் வந்தது. "அண்ணா, மூணு வருசமும் தொடர்ந்து 27 வெற்றின்னு இருக்கு, நோட்ல எழுதும்போது மாத்தி எழுதிட்டீங்களா?" எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் அது தப்பில்லை, உண்மை. 1966-67இல் 27-1-1, 1967-68இல் 27-2-0, 1968-69இலும் 27-2-0. அந்த மூன்று வருடமும் கோலில் நின்றவர் கென் டிரைடன். அந்தக் காலத்தில் முதலாமாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது, அதனால் அவருக்குக் கிடைத்தது மூன்று சீசன்தான். அதில் அவர் கோலில் நின்ற ஆட்டங்களில் 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். பின்னாளில் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியில் ஆறு முறை, தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பை வாங்கி, கனடாவில் மந்திரியாகவும் இருந்து, 2025 செப்டம்பரில் காலமானார். எண்ணை எண்ணாக மட்டும் பார்த்து அடித்துவிட்டுப் போகாமல், இது எப்படி மூன்று முறை வரும் என்று நின்று கேட்ட ஒரே ஆள் இந்த அக்காதான்.

அதோடு விடவில்லை. நெட் ஹார்க்னெஸ் என்ற பயிற்சியாளரின் பக்கத்தில் மொத்தக் கணக்கு 163-27-2 என்று எழுதியிருந்தேன். அக்கா அவருடைய ஏழு சீசனையும் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்திருக்கிறார். 12, 19, 22, 27, 27, 27, 29. வெற்றி 163 சரியாக வந்திருக்கிறது. தோல்வி மட்டும் ஒன்று குறைந்திருக்கிறது. தேடினால் 1964-65க்கு 19-7 என்று இருக்க வேண்டியதை நான் 19-6 என்று எழுதியிருக்கிறேன், பென்சிலில் எழுதி மேலே பேனா ஓட்டும்போது வந்த பிழை. இத்தனை வருடம் அந்த நோட்டைப் புரட்டிய எனக்குத் தெரியவில்லை, ஐஸ் ஹாக்கியைக் கண்ணாலேயே பார்க்காத ஒருவர் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

ஹார்க்னெஸ் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் சீசனில் 12-10-1, சாதாரண அணி. நான்காவது சீசன் முடிவில், 1967இல், பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்று ஜெயித்து தேசிய சாம்பியன். 1969 இறுதியில் டென்வரிடம் 3-4 என்று தோற்றார்கள், டிரைடனின் கடைசிக் கல்லூரி ஆட்டம் அது. டிரைடன் போன பிறகு அணி இறங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அடுத்த சீசனில்தான் அந்த 29-0-0. லேக் பிளாசிட் ஊரில் நடந்த இறுதியில் கிளார்க்சனை 6-4 என்று ஜெயித்தார்கள், டான் லோட்போவா என்ற தடுப்பாட்டக்காரர் கடைசிப் பகுதியில் மட்டும் மூன்று கோல் போட்டார். தோல்வியும் இல்லாமல் சமனும் இல்லாமல் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் பிரிவில் தேசிய சாம்பியன் ஆன அணி அது ஒன்றுதான். கார்னெல் அதற்கு முந்தைய கோப்பையோடு சேர்த்து வாங்கியது இரண்டே கோப்பைகள், 1970க்குப் பிறகு இந்த எழுத்து வரை மூன்றாவது வரவில்லை. இந்தப் பக்கத்துக்கு மட்டும் எழுத்தை ஒரு புள்ளி பெரிதாக வைக்கலாமா என்று அக்காவே கேட்டு வைத்துக் கொடுத்தார்.

காலி வரிசைகளைப் பற்றி நான் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் அதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தார். கட்டத்தை வெறுமையாக விட்டால் அச்சில் விட்டுப்போன மாதிரி தெரியும் என்று, வருடத்தை அடித்து, மூன்று கட்டத்திலும் சின்னக் கோடு போட்டு, வரிசை முழுவதற்கும் மெல்லிய சாம்பல் நிறம் கொடுத்துவிட்டார். 1948இலிருந்து 1957 வரை ஒன்பது சாம்பல் வரிசை ஒன்றன்கீழ் ஒன்றாக. பார்த்ததும் புரிகிறது.

இன்னும் ஒரு சாம்பல் வரிசை தனியாக இருக்கிறது. 2020-21. அதற்கு முந்தைய சீசனில் கார்னெல் 23-2-4, கருத்துக் கணிப்புகளில் நாட்டிலேயே முதலிடம். கூட்டினால் 29 ஆட்டம். சரியாக ஐம்பது வருடத்துக்கு முந்தைய 29-0-0இலும் 29 ஆட்டம்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்து போட்டிகள் ரத்தாகிவிட்டன, காலிறுதி ஆட்டமே நடக்கவில்லை. அடுத்த சீசனை கார்னெல் சேர்ந்திருக்கும் ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் ஆடவே இல்லை. என் தம்பி அப்போது அங்கேதான் இருந்தான், காலிறுதிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். ஆட்டமும் இல்லாமல், ஊருக்கு வர விமானமும் இல்லாமல், ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். நாங்கள் இங்கே பாலக்கோட்டில் பறித்த தக்காளியை விற்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த வரிசையை ஒருவர் இடம் அடைக்கிறது என்று அழித்தபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

வேலைத் தரம் பற்றி. தாள் 100 ஜிஎஸ்எம், ஏ4, கட்டங்கள் உள்ள பக்கங்களை மட்டும் படுக்கைவாக்கில் அடித்திருக்கிறார்கள். பசை வைத்து ஒட்டாமல் நூல் போட்டுத் தைத்திருக்கிறார் பெரியவர், அதனால் புத்தகம் முழுசாக விரிகிறது, நடுவில் இருக்கும் எண் மறையவில்லை. அட்டைக்கு எல்லாக் கடையிலும் புராஜெக்டுக்குப் போடும் மெரூன் ரெக்சின்தான் முதலில் காட்டினார். கார்னெல் நிறம் நல்ல சிவப்பும் வெள்ளையும், அணிக்குப் பெயரே பிக் ரெட் என்றதும், அப்படி ஒரு சிவப்பை சேலத்திலிருந்து வரவழைத்துப் போட்டார். மேலே வெள்ளை எழுத்து. தங்க எழுத்துதான் நன்றாக இருக்கும் என்று அவர் எவ்வளவோ சொன்னார், இப்போது யோசித்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, வெள்ளை சீக்கிரம் அழுக்காகும்.

தமிழை யூனிகோடில் அடித்துக் கொடுத்தது பெரிய உதவி. நிறைய கடைகளில் இன்னும் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து போனில் திறந்தால் ஒன்றும் புரியாது. இங்கே அடித்த ஃபைலையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த சீசனை நானே சேர்த்துக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எட்டு நாளில் தருகிறேன் என்றார்கள், பதினாறு நாள் ஆனது. நடுவில் இரண்டு தடவை பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன், ஒரு போன் செய்து இன்றைக்கு வராதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். பெயர்களில் ஒழுங்கு இல்லை, ஒரு பக்கத்தில் டிரைடன், இன்னொரு பக்கத்தில் ட்ரைடன். எண்ணில் காட்டிய கவனத்தைப் பெயரிலும் காட்டியிருக்கலாம். கடைசியில் மைக் ஷேஃபர் பயிற்சியாளராக இருந்த 1995 முதல் 2025 வரையான பகுதியில் இரண்டு பக்கம் மை கொஞ்சம் வெளுத்து விழுந்திருக்கிறது. அதைக் காட்டியதும் மறுபடியும் அடித்துத் தருகிறேன் என்றார்கள், ஆனால் தைத்த புத்தகத்தைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

பணம், அடிப்பதற்குப் பக்கத்துக்கு 40 ரூபாய், கட்டம் உள்ள பக்கத்துக்கு 60. கலர் அச்சு தனி. தையலும் அட்டையும் சேர்த்து ஒரு பிரதிக்கு 450. இரண்டு பிரதி போட்டேன், ஒன்று எனக்கு. மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கூட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடித்ததற்குத் தனியாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

தம்பி வந்தான், புத்தகத்தை வாங்கினான், அட்டையைத் தடவிப் பார்த்தான். நான் 29-0-0 பக்கத்தைத்தான் முதலில் திறப்பான் என்று நினைத்தேன். அவன் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய், அந்தச் சாம்பல் வரிசையில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் பர்ஸைத் திறந்து, அந்தக் காலிறுதி டிக்கெட்டை அச்செடுத்து வைத்திருந்த தாளை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தான். ஆறு வருடமாகப் பர்ஸிலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள், புராஜெக்ட் பைண்டிங் மலை மாதிரி குவிந்திருக்கும், உங்கள் வேலை அடியில் போய்விடும். கிளம்பும் முன் போன் செய்து முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வண்டி நிறுத்த கீழே இடம் இல்லை, எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும்.