லாமர் பள்ளத்தாக்கில் ஒரு நாள் ஓநாய் பார்க்கும் பயணம்: போகலாமா?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு எங்களைக் கூட்டிப்போன நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் ஓநாயின் மீசையில் ஒட்டிய பனி கூடத் தெரியும். நேரில் நாங்கள் பார்த்த முதல் ஓநாய் எறும்பு அளவுதான், அதுவும் ஸ்கோப் என்கிற தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால். இது தெரியாமல் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, பூங்கா வாசலில் உள்ள கார்டினர் ஊரில் இருந்து இதைச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், யாரிடம் போனாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயங்கள்தான் இவை.

யெல்லோஸ்டோனின் வடக்கு ஓரச் சாலை, கார்டினரிலிருந்து குக் சிட்டி வரை, குளிர்காலம் முழுக்கக் கார் போகத் திறந்திருக்கும். நாங்கள் போனது மார்ச்சில். விடியற்காலை 5 மணிக்கு வேனில் ஏறினோம், வெளியே மைனஸ் 18 டிகிரி. சாலையோரம் நிறுத்தி, முக்காலியில் ஸ்கோப்பைப் பொருத்தி, வெள்ளையாகக் கிடக்கும் மலைச்சரிவை வழிகாட்டிப் பெண் அங்குலம் அங்குலமாகத் துழாவுகிறார். நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. என் பையன் "அப்பா, காட்டெருமை மட்டும்தான்ப்பா இருக்கு" என்று சிணுங்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம் அவர் சத்தமே இல்லாமல் கையைக் காட்டினார். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, சரிவில் ஒரே வரிசையாக ஏழு புள்ளிகள், நான்கு கருப்பு, மூன்று சாம்பல், முன்னால் போவது பனியை மிதித்து வழி போட மற்றவை அதன் தடத்திலேயே கால் வைத்து நடக்கின்றன. ஜங்ஷன் பியூட் என்ற ஓநாய்க் கூட்டம் என்றார்.

கொடுத்த காசு இங்கேதான் செரித்தது. அந்தப் பெண் முன்பு கள ஆய்வுக் குழுவில் இருந்தவர். ஓநாய் எப்படி கருப்பானது என்று பையன் கேட்டான். அந்தக் கருப்பு மரபணு பழங்காலத்தில் நாய்களுடன் கலந்ததில் வந்தது என்று சொன்னபோது எனக்கே அது புதுச் செய்தி. கடைசி ஓநாய்களை 1926-இல் பூங்காவுக்குள்ளேயே கொன்று தீர்த்தது, 1995-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14, அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 என்று கொண்டுவந்து, அடைப்பில் சில வாரங்கள் பழக்கி அவிழ்த்துவிட்டது, எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி சொன்னார். ஆய்வாளர்கள் பத்தாம் எண் கொடுத்திருந்த ஆண் ஓநாயை 1995 வசந்தத்தில் பூங்காவுக்கு வெளியே ஒருவன் சுட்டுவிட, அதன் ஜோடி எட்டுக் குட்டிகளுடன் தனியாக நிற்க, ஆய்வாளர்கள் போய் எல்லாவற்றையும் தூக்கிவந்து மறுபடி அடைப்பில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் நவம்பர் நடுவிலிருந்து ஒரு மாதமும் மார்ச்சில் ஒரு மாதமும் ஆய்வுக் குழு ஓநாய்க் கூட்டங்களை விடாமல் பின்தொடரும். எங்கள் அதிர்ஷ்டம், அதில் இரண்டு பேர் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். ஓநாய் தின்றுவிட்டுப் போன எல்க் மானின் தொடை எலும்பை உடைத்துப் பார்ப்பார்களாம். மஜ்ஜை வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் மான் கொழுகொழுவென்று இருந்திருக்கிறது, சிவப்பாகக் கொழகொழவென்று ஜெல்லி மாதிரி இருந்தால் எப்படியும் பட்டினியில் விழுந்திருக்க வேண்டியது. "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்று கேட்டு வளர்ந்த எனக்கு, ஓநாய் எந்த ஆட்டைத் தேர்ந்தெடுக்கிறது என்று எலும்பை உடைத்துப் பார்க்கும் ஆட்களைப் பார்த்தது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வழிகாட்டி அளந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓநாய் வந்ததும் எல்க் குறைந்து, கரையில் மரம் வளர்ந்து, ஆறே திசை மாறிவிட்டது என்று இணையத்தில் சுற்றும் கதையை நானே எடுத்துக் கேட்டேன். எல்க் குறைந்தது உண்மை, ஆனால் அதில் கரடிக்கும் மலைச்சிங்கத்துக்கும் வேட்டைக்காரனுக்கும் பங்குண்டு, ஆறு விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது என்றார். வேட்டைப் பருவத்தில் பூங்கா எல்லையைத் தாண்டினால் ஓநாயைச் சுடுவது சட்டப்படி சரி. 2012 டிசம்பரில் எல்லோருக்கும் பிடித்த 832 என்ற பெண் ஓநாய் வயோமிங்கில் அப்படித்தான் செத்தது, 2021-22 குளிர்காலத்தில் மட்டும் பூங்கா ஓநாய்கள் சுமார் 25 போயின. ஓநாய்க்குக் கோடு எங்கே தெரியும்!

சரி, குறைகள். மாடு வளர்க்கிறவர்கள் பக்கம் ஒரு வார்த்தை கூட வரவில்லை, நான் கேட்டபோதும் நழுவிவிட்டார். கன்றைப் பறிகொடுத்தவனின் கோபமும் இதே கதையில் ஒரு பாதிதானே. பத்துப் பேருக்கு இரண்டே ஸ்கோப், வரிசையில் நின்று நம் முறை வருவதற்குள் ஓநாய் மேட்டுக்குப் பின்னால் போய்விடும். அவர்கள் தந்த பூட்ஸ் என் காலுக்கு ஒரு அளவு சின்னது, மதியம் வரை விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சாப்பாடு குளிர்ந்த சாண்ட்விச், சைவம் கேட்டால் சீஸ் மட்டும் வைத்தது. நாங்கள் கொண்டுபோன புளியோதரைதான் காப்பாற்றியது.

ஐந்துக்கு நான்கு. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை ஸ்கோப், வழிகாட்டி களத்தில் வேலை பார்த்தவரா. ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி, கிட்டே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கிளம்பும் நேரத்தில் ஒன்று ஊளையிட்டது, மற்றவை சேர்ந்துகொண்டன, பையன் ஃபோனில் பதிவு செய்தான். கேட்டுப் பார்த்தால் பாதி என் பல் தந்தியடிக்கும் சத்தம்.