பிள்ளை இன்று வரவில்லை: போனா, வாட்ஸ்அப்பா, எஸ்எம்எஸ்ஸா?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் நான். 44 பிள்ளைகள். சாதாரண நாளில் நாலைந்து பேர் ஆப்சென்ட். தீபாவளிக்கு அடுத்த வாரம் பாதி பெஞ்ச் காலியாக இருக்கும், தேனி, மதுரைப் பக்கம் ஊருக்குப் போன குடும்பங்கள் திரும்பியிருக்காது. வராத பிள்ளையைப் பற்றி வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்துவிட்டோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைய தகவலுக்கு எஸ்எம்எஸ். மூன்றாம் நாள் போன். வாட்ஸ்அப் குரூப்பில் ஆப்சென்ட் பட்டியல் போடவே கூடாது.

போனில் பேசுவதற்கு ஈடு எதுவும் இல்லை, எடுத்தால். இங்கே பல பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். ஒன்பதரைக்கு நான் அழைத்தால் அது பையிலோ லாக்கரிலோ அடித்து ஓயும். பதினோரு மணி டீக்கு வெளியே வரும்போது மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு அம்மா திருப்பி அழைப்பார். அப்போது நான் வேறு வகுப்பில் இருப்பேன். ஐந்து வீட்டுக்கு அழைத்தால் முதல் பீரியடில் பாதி போய்விடும், மற்ற 39 பேரின் பாடம் அது. அதே டீ நேரத்தில் எஸ்எம்எஸ் காத்திருக்கிறது. நெட் போடவில்லை, டேட்டா தீர்ந்துவிட்டது, பட்டன் போன் என்று எதுவானாலும் வந்து சேரும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு எஸ்எம்எஸ் பிடிக்கும்.

ஆனால் எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு இருக்கும் இடைஞ்சல் பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் எழுதினால் அது 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70ஐயும் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணுவதில்லை. ‘உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை.’ இதை விரல்விட்டு எண்ணினால் 20 எழுத்து. செல்பேசிக் கணக்கில் 37. புள்ளி தனி, கொம்பு தனி, இடைவெளியும் சேர்த்தி. ‘பள்ளிக்கு’ என்ற ஒரு சொல்லே ஒன்பது இடம் பிடிக்கிறது. பிள்ளை பெயர், வகுப்பு, தேதி, பள்ளிப் பெயர், திருப்பி அழைக்க எண் என்று சேர்த்தால் 70 தாண்டிவிடும். ஒரே செய்திக்கு இரண்டு செய்தியின் காசு. அதனால்தான் பல பள்ளிகள் ‘டியர் பேரண்ட், யுவர் வார்டு...’ என்று ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றன. இங்கே வார்டு என்றால் உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளை.

நாங்களும் முதலில் அப்படித்தான் அனுப்பினோம். ஒரு நாள் சாயங்காலம் ஒரு அம்மா போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். “ஏனுங்க சார், வார்டுன்னு வந்திருக்குதுங்க, கவுன்சிலர் ஆபீஸ்ல இருந்துங்களா?” என்று கேட்டார். அவருடைய பையன் அன்று மட்டும் இல்லை, அதற்கு முந்தைய நாளும் வரவில்லை. இரண்டு செய்தியும் போய்ச் சேர்ந்திருந்தது, அவருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. அதோடு ஆங்கிலத்தை விட்டோம். இரண்டு செய்திக் காசு ஆனாலும் பரவாயில்லை, படித்தால் புரிய வேண்டும்.

வாசகத்தை நினைத்தபோது மாற்றவும் முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளின் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே செல்பேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். 2021லிருந்து பதியாத செய்தியை வடிகட்டிவிடுகிறார்கள். பெயர், தேதி மாதிரி மாறும் இடங்கள் மட்டும் காலியாக இருக்கும். அதனால் பதியும் முன்பே நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். ‘வரவில்லை’ என்பதைவிட ‘காலை வருகைப் பதிவில் இல்லை’ என்பது நல்லது, பதிவில் தவறும் நேரும் என்பதால். செய்தியில் லிங்க் எதுவும் இருக்கக் கூடாது. மோசடிச் செய்திகளால் லிங்க் என்றாலே பயம், அந்தப் பயம் நியாயமானது.

நேரமும் முக்கியம். ஒருமுறை பஸ் தாமதமாகி ஒரு மாணவி 9.50க்கு வந்தாள். 9.40க்கே செய்தி போய்விட்டிருந்தது. அவளுடைய அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மூச்சு வாங்க கேட்டில் வந்து நின்றார். மகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அழுதார். அன்றிலிருந்து பத்தே கால் வரை பொறுத்து, தாமதமாக வந்தவர்களைத் திருத்திய பிறகே அனுப்புகிறோம். டீ நேரத்துக்குள் போய்ச் சேர அது போதும்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். காசில்லை, தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், குரல் பதிவும் போடலாம். எங்கள் வகுப்பில் ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழ் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க ஆளில்லை. சக ஆசிரியை ஒருவர் இந்தியில் பேசி அனுப்பும் இருபது வினாடிக் குரல் பதிவு அங்கே வேலை செய்கிறது. தனித்தனியாக அனுப்பினால் வாட்ஸ்அப்பை நான் குறை சொல்லவே மாட்டேன்.

குரூப்தான் சிக்கல். வகுப்புக் குரூப்பில் தினமும் ‘இன்று வராதவர்கள்’ என்று பெயர் போட்டோம். ஒரு பெண் நான்கு நாள் தொடர்ந்து வரவில்லை, பெயர் நான்கு நாளும் வந்தது. “பாப்பாவுக்கு என்னாச்சு?” என்று ஒருவர் கேட்டார், அப்புறம் இன்னொருவர். அதே தெருவில் இருப்பவர்கள் வீட்டுக்கே போய் விசாரித்திருக்கிறார்கள். வீட்டில் அப்பாவால் நடந்த ஒரு பிரச்சினையில் அந்தப் பிள்ளையால் வர முடியவில்லை. ஊரே கேட்ட பிறகு ஐந்தாம் நாளும் வரவில்லை. பள்ளிக்கு வரவழைக்க நாங்கள் போட்ட பட்டியலே அவளை இன்னும் ஒரு நாள் தள்ளி வைத்தது. அது எங்கள் தவறுதான். பிள்ளை ஏன் வரவில்லை என்பது அந்த வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே இருக்க வேண்டிய விஷயம்.

பள்ளிகள் தனியாக வைத்திருக்கும் செயலிகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போனில் இடமில்லை என்று முதலில் அழிபடுவது அவைதான். பதிவு செய்த குரலில் வரும் தானியங்கி அழைப்பு, படிக்கத் தெரியாத வீட்டுக்கு நல்லது. ஆனால் விளம்பர அழைப்பு என்று நினைத்துப் பாதியிலேயே வைத்துவிடுகிறார்கள்.

எதை அனுப்புவது என்பதிலும் ஒரு ஒப்பீடு இருக்கிறது. அன்றன்றைக்குச் சொல்வதா, மொத்தக் கணக்கைச் சொல்வதா? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 22 பள்ளிகளில் நடந்த ஆய்வில், வராத வகுப்புகள், எழுதாத வீட்டுப்பாடம், மதிப்பெண் மூன்றையும் பெற்றோருக்குக் குறுஞ்செய்தியாகத் தானாகவே போகும்படி செய்தார்கள். வகுப்பு வருகை 12 சதவீதம் கூடியது. பிலடெல்பியாவில் வேறு வழி. பிள்ளை இதுவரை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். அடிக்கடி வராமல் இருப்பவர்களின் எண்ணிக்கை பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதற்கான காரணத்தை என் வகுப்பிலேயே பார்க்கிறேன். “ரெண்டு மூணு நாள்தானுங்க லீவ் போட்டான்” என்பார் அப்பா. பதிவேட்டில் 17 இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு நாளும் தனித்தனியாகத்தான் நினைவில் இருக்கிறது. அதனால் மாதக் கடைசியில் மொத்த நாளைச் சொல்லி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி எங்கள் ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சரி, யார் எண்ணுக்கு அனுப்புவது? எல்லா வழியும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. 2024இல், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் உள்ள பெற்றோர் எண்களை ஓடிபி அனுப்பிச் சரிபார்த்தபோது என் வகுப்பில் ஒன்பது எண் தவறு. சிலது பழைய சிம். இரண்டு, அண்ணன்மார் எண். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போன் அப்பா பெயரில் இருக்கும், பையன் கையில் இருக்கும். ஆப்சென்ட் செய்தியை முதலில் படிப்பவனும் அழிப்பவனும் அவனே. இப்போது இரண்டு எண் வாங்குகிறோம், அதில் ஒன்று வேலைக்குப் போகும்போது அம்மா கையோடு கொண்டுபோகும் போனாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம்.

அப்படியும் ஒரு பையன் வீட்டிலிருந்து இரண்டு நாள் செய்திக்கும் பதில் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரம் பார்த்து அழைத்தேன். அம்மா எடுத்தார். செய்தியைப் பார்த்திருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவங்கப்பாவுக்குக் கால்ல அடிங்க சார், அதான் இவனை பேக்கிங் வேலைக்கு அனுப்பியிருக்கேன், இந்த வாரம் மட்டும்” என்றார். நான் கோபப்படவில்லை. எந்தக் கம்பெனி, எத்தனை நாள், அப்பாவுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மறுநாள் ஹெச்.எம்.மோடு வீட்டுக்குப் போனோம். அடுத்த திங்கட்கிழமை பையன் வகுப்பில் இருந்தான்.