புதிது என்று சொல்லிப் பழைய ரேமைத் தலையில் கட்டிவிட்டார்கள்: 6,100 ரூபாய் போயிற்று

எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன். கடைக்காரர் காத்திருப்பதும் அதற்குத்தான்.

மன்னார்குடிப் பக்கம் சிறிய கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஆன்லைன் விண்ணப்பம், இவைதான் பிழைப்பு. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் என்று காகிதக் கட்டோடு விடியற்காலையிலேயே ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நெரிசலில் என் கணினியின் 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் நினைவகம்) திணறியது. மதர்போர்டில் ரேம் சொருகும் ஸ்லாட் ஒன்று காலியாகத்தான் இருந்தது. இன்னொரு 8 ஜிபி போட்டால் தீர்ந்தது.

தஞ்சாவூரில் ஒரு கணினி உதிரிபாகக் கடை. பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். சிபியூவைச் சாக்கில் சுற்றி, வடுவூர் வழி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அந்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். "வாருங்கள் அண்ணே, மன்னார்குடியா? எங்கள் அம்மா பிறந்ததே அந்தப் பக்கம்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. என் பழைய ரேமைக் கழற்றி, "டிடிஆர்4 தலைமுறை, வேகம் 2666. இதே வகையில் போட்டால்தான் இரண்டும் ஒத்துப்போகும்" என்றார். சரியான பேச்சு, மறுக்க முடியாது. டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288. நடுவில் உள்ள வெட்டின் இடமும் மாறியிருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது என்றெல்லாம் விளக்கினார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்?

ரேம் உள்ளறையிலிருந்து வந்தது, அட்டை இல்லாமல், வெறும் பிளாஸ்டிக் உறையில். கேட்டேன். "மொத்தமாகத் தட்டில் வரும் சரக்கு அண்ணே. அட்டையோடு வேண்டுமென்றால் முந்நூறு கூடும், உள்ளே இருப்பது ஒன்றுதான்" என்றார். மாட்டினார், திரையில் 16 ஜிபி என்று காட்டினார், மூன்று வருட வாரண்டி என்றார். ரேமுக்கு 5,800, மாட்டுக்கூலி 300. மொத்தம் 6,100 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஒரு பெரியவருடைய விண்ணப்பத்தில் சர்வே எண்களையெல்லாம் ஏற்றி முடிக்கிற நேரத்தில் விண்டோஸ் நின்றுபோய் நீலத் திரை. மறுபடி போட்டால் மறுபடி நீலத் திரை. சேமித்து வைத்த ஒரு பத்திரிகைக் கோப்பும் திறக்க மறுத்தது. காத்திருந்தவர்களை நீடாமங்கலத்துக்கு அனுப்பினேன். அந்த வருமானக் கணக்கை இந்த 6,100-இல் சேர்க்கவில்லை.

கடைக்குப் போன் செய்தால், "விண்டோஸ் கோளாறு, ஃபார்மட் செய்யுங்கள்" என்றார். செய்தேன், பலனில்லை. அடுத்து, "உங்கள் ஊர்க் கரண்ட் சரியில்லை" என்றார். சுவரிலிருந்து வரும் மின்சாரமா நேராக ரேமுக்குப் போகிறது? எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி, மதர்போர்டு எல்லாம் கடந்து 1.2 வோல்ட்தான் அதற்குப் போய்ச் சேருகிறது. அந்தக் கரண்டில்தானே பக்கத்திலிருக்கும் பழைய ரேமும் வருடக்கணக்கில் ஓடுகிறது! பிறகு, "ஸ்லாட் போயிருக்கும்" என்றார். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை அதே ஸ்லாட்டில் போட்டேன்: நன்றாக ஓடியது. புதியதை மட்டும் பழைய ஸ்லாட்டில் போட்டேன்: நீலத் திரை. விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக்கும் வன்பொருள் பிழை என்றே காட்டியது.

அப்போதுதான் ரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தங்க நிறப் பின்களில் நெடுக்காகக் கீறல்கள், பலமுறை சொருகி எடுத்த தடம். கம்பெனி ஸ்டிக்கரின் ஒரு மூலை தானாகவே தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் மங்கிய இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறு வரிசை எண். ரேமின் விவரங்களைக் காட்டும் சிபியூ-இசட் மென்பொருளில் பார்த்தால் தயாரிப்பு ஆண்டு 2018. எந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் உழைத்துச் சலித்ததோ!

நேரில் போனேன். இம்முறை நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. "ஸ்டிக்கர் பிரிந்திருக்கிறது, வாரண்டி போயிற்று" என்றார். சத்தம் போட்டதும், "சென்னைக்கு அனுப்பி மாற்றித் தருகிறேன்" என்று ரேமை வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பின் போன் எடுப்பது கடைப்பையன். முதலாளி எப்போதும் கும்பகோணம் போயிருப்பார். கடைசியாக அவரே பேசியபோது சொன்னதுதான் உச்சம்: "ரேம் விலை ஏறிவிட்டது அண்ணே. மாற்ற வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கட்டுங்கள்." விலை ஏறியது உண்மைதான். கெட்டதைக் கொடுத்தவர் மாற்றித் தருவதற்கு ஏற்றம் இறக்கம் என்ன? 6,100 ரூபாய்க்குப் பட்டை நாமம் போட்டுவிட்டு, அதற்கு மேல் தட்சிணை கேட்கிறார்!

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதற்கு, "நீங்களே கடை வைத்திருப்பவர், உங்களால் வழக்குப் போட முடியாது" என்றார். பொய். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிய பொருளுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். என்னிடம் இருப்பது "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச் சீட்டு, அதில் 6,100 என்ற தொகையும் தேதியும் மட்டும். ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, ரேமின் வரிசை எண்ணும் இல்லை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், வாசலில் ஆள் வந்துவிட்டார். சுருக்கமாக: வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். அட்டை பிரிக்காததை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். 16 ஜிபி என்று திரை காட்டுவதை நம்பாமல், மெமரி சோதனையை அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். பழுதானதைத் திருப்பிக் கொடுத்தால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். எனக்கு அதுவும் தரவில்லை, கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையா அண்ணே?" என்றார்.